இடது காது

சின்னவளுக்கு இடது காதில் சீழ் வடிய ஆரம்பித்து மாதக்கணக்காகிறது. அதற்குள் அவளிடமிருந்து எத்தனையோ குப்பி ரத்தம் எடுத்துவிட்டார்கள். காதுக்குள் எட்டிப் பார்த்த புண்ணியவான் ஒருவர்கூட இல்லை.

அண்ணனும் தம்பியும் போட்டி போட்டுக்கொண்டு குடும்பத்தை அம்போவென்று விட்டதில், ஓரகத்திகள் இரண்டு பேரும் ஒரே பெட்டியோடு இந்த ஊருக்கு வந்தவர்கள். மாடியில் ஓர் அறை, நடுவில் பலகைத் தடுப்பு. அந்தப் பக்கம் பெரியவள், இந்தப் பக்கம் சின்னவள். ஆட்கள் வருவது இங்கேதான்.

இந்தத் தொழிலில் கண்ணைவிடக் காதுதான் காவல். வருகிறவர்களில் பாதிப் பேர் விளக்கை அணைக்கச் சொல்வார்கள். படியேறுவது ஒருவனா, பின்னால் இன்னொருவனும் வருகிறானா, இருட்டில் ஆணுறையைக் கழற்றுகிறானா, எல்லாம் அவளுக்குக் காது சொல்லித்தான் தெரியும். கட்டிலில் படுத்தால் கதவு இடது பக்கம்.

இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு ரத்தப் பரிசோதனை செய்ய வாராவாரம் மருத்துவ வண்டியில் வரும் நர்ஸம்மா தங்கமானவள்தான்.

"காதுல சீழ் வருது, நர்ஸம்மா."

"சரிம்மா, மொதல்ல கையை நீட்டு."

"போன தடவைதானே ரத்தம் எடுத்தீங்க?"

"அது போன தடவை. வண்டியில காதுக்கு ஒண்ணும் கிடையாதும்மா. பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு தர்றேன்."

சீட்டோடு கை நிறைய ஆணுறைப் பாக்கெட்டுகளும் கிடைத்தன. பெரியவள் அவற்றைப் பார்த்துவிட்டு, "இதையாடி காதுல வெச்சுக்கச் சொன்னா?" என்றாள்.

பெரிய ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதுகிறவர் அவளுடைய காப்பீட்டு அட்டையைத் திருப்பித் தள்ளினார். "இது உங்க ஊர் அட்டை. இங்க செல்லாது." அவள் வண்டிச் சீட்டை நீட்டினாள். முத்திரையைப் பார்த்ததும் அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஓ, அந்த வண்டியா? பின்பக்கம், கடைசி ரூம்."

கடைசி அறையில் உட்கார்ந்திருந்தது அதே நர்ஸம்மா. வண்டி ஓடாத நாளில் அவளுக்கு அங்கேதான் வேலை. அவள் தலையில் அடித்துக்கொண்டாள். "உன்னைக் காது டாக்டர்கிட்டதானேம்மா அனுப்பினேன்!"

"நான் எங்க போனாலும் உங்ககிட்டயே கொண்டுவந்து விடறாங்க."

"சரி, வந்தது வந்துட்டே…" என்று நர்ஸம்மா பழக்க தோஷத்தில் ஊசியை எடுத்தாள்.

சின்னவளுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "கழுத்துக்கு மேலயும் எனக்கு உடம்பு இருக்கு, நர்ஸம்மா!"

அந்த வராந்தா முழுக்கத் திரும்பிப் பார்த்தது. நர்ஸம்மா ஊசியை வைத்துவிட்டு, அவள் கையைப் பிடித்து விறுவிறுவென்று காது டாக்டரின் அறைக்கு இழுத்துப் போனாள். வாசலில் தடுத்தவனிடம், "என் தங்கச்சிப்பா" என்றாள்.

டாக்டர் விளக்கடித்துப் பார்த்தார். "செவிப்பறையில பெரிய ஓட்டை. இவ்வளவு நாள் என்ன பண்ணிட்டு இருந்தே? முன்னாடியே வரக்கூடாதா?"

நர்ஸம்மா தரையைப் பார்த்தாள். சின்னவளுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

"சீழுக்கு மருந்து தர்றேன். ஆனா கேக்கணும்னா ஆபரேஷன்தான். அதுக்கு உள்ளூர் அட்டை வேணும்" என்றார் டாக்டர்.

வீட்டுக்கு வந்ததும் சின்னவள் கட்டிலில் படுத்துக்கொண்டாள். "அக்கா, கீழ போய், செருப்பில்லாம மெதுவா ஏறி வாங்க."

"எனக்கு வேற வேலை இல்லையாடி?" என்று பெரியவள் இறங்கிப் போனாள். சின்னவள் கண்ணை மூடிக் காத்திருந்தாள். கீழே கடைத்தெருவின் இரைச்சல்தான் கேட்டது.

"ஏறுங்கக்கா!" என்று கத்தினாள்.

"ஏன் கத்தறே? நான் வந்து நின்னு எவ்வளவு நேரமாச்சு!"

கண்ணைத் திறந்தாள். பெரியவள் கட்டிலை ஒட்டி நின்றுகொண்டிருந்தாள். முன்பெல்லாம் முதல் படியிலேயே கேட்டுவிடும்.

சின்னவள் எழுந்து, தலையணையை எடுத்துக் கால்மாட்டில் போட்டு, மாற்றிப் படுத்தாள். இப்போது கதவு வலது பக்கம்.

"இன்னொரு தடவை ஏறி வாங்கக்கா."

இந்தத் தடவை பெரியவள் திட்டவில்லை. படியிறங்கிப் போனாள்.