மூன்றாவது மாடியில் விவாகரத்து ஆனவள்

"நான் ரத்து பண்ணலை. ரத்து பண்றதுக்கு முதல்ல ஒண்ணு இருக்கணும். அந்தத் தீர்ப்பே கிடையாது" என்றார் நீதிபதி, கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தபடி.

லூசினாவுக்கு முதலில் புரியவில்லை. அவள் வந்தது வீட்டுக்காக. மூன்று வருடங்களுக்கு முன் இதே கட்டிடத்தில் அவளுக்கும் ஸெனோனுக்கும் விவாகரத்து ஆகியிருந்தது. இருவர் பேரிலும் இருக்கும் ஃபிளாட்டைப் பிரித்துவிட்டால் எல்லாம் முடிந்தது, கால் மணி நேர வேலை என்று வக்கீல் பனாஷ் சொல்லியிருந்தார். ஆனால் இந்த நீதிபதி பழைய கோப்பைப் புரட்டிக்கொண்டே வந்தவர், விவாகரத்துக் கொடுத்த நீதிபதியின் பெயரில் விரலை வைத்து நின்றுவிட்டார்.

அவள் திரும்பிப் பார்த்தாள். பின் பெஞ்சில் ஸெனோன், தன் தங்கை டனுதாவின் பக்கத்தில், தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். போன குளிர்காலத்தில் மூளையில் ரத்தக்குழாய் அடைத்து, பிழைத்து எழுந்தபோது, கடைசி நாலைந்து வருடங்கள் அவனிடமிருந்து போய்விட்டிருந்தன. விவாகரத்து அவனுக்குத் தெரியாது. யார் சொன்னாலும் மரியாதையாகக் கேட்டுக்கொள்வான். மறுநாள் காலையில் லூசினா எங்கே என்பான். இப்போது அவளைப் பார்த்து, வெகுநேரம் காத்திருந்த பஸ் வந்துவிட்டதுபோல நிம்மதியாகச் சிரித்தான்.

வெளியே, ஜன்னலோரம், பனாஷ் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"உங்க கேஸை அன்னைக்குப் பார்த்தவர் அரசாங்கம் மாத்தின புது முறையில நியமிச்ச ஆளு மேடம். அப்படி வந்தவங்க சட்டப்படி நீதிபதியே இல்லைன்னு இவர் சொல்றார். லக்ஸம்பர்க்ல இருக்கற ஐரோப்பியக் கோர்ட்டு சொன்னதை வச்சு."

"நம்ம ஊர்ல யாரும் அதுக்குப் பதில் சொல்லலையா?"

"சொன்னாங்களே. நம்ம அரசியல் சாசனம்தான் மேல, லக்ஸம்பர்க் அதுக்குக் கீழேன்னு வார்சாவுல நம்ம அரசியல் சாசனக் கோர்ட்டுல சொல்லிட்டாங்க. இங்கயே மூணாவது மாடில இருக்கற நீதிபதி அதைத்தான் கேப்பார். உங்க ஃபைல் அங்க போயிருந்தா ஒரு பிரச்சினையும் இல்லை."

"அப்ப நான் இப்ப யாரு சார்?"

"இந்த மாடிலயா, மூணாவது மாடிலயா?" என்று கேட்டுவிட்டு, அவள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை விழுங்கினார். "அப்பீல் போலாம். ஒரு வருஷம் ஆகும். இல்லைன்னா திரும்ப முதல்லேர்ந்து விவாகரத்து கேக்கலாம். சாட்சி இருக்கில்ல?"

சாட்சி இருந்தாள். பக்கத்து ஃபிளாட் ஃபெலிக்ஸா. விவாகரத்துக்கு நாலு வருடம் முன், ஒரு ஜனவரியில், இரவு உடையோடு லூசினாவைப் பால்கனியில் வைத்து ஸெனோன் உள்ளே தாழிட்ட அன்று, ஒன்றரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கதவை இடித்தவள். ஸெனோன் அவளிடம் சொன்னான்: "பனி பார்க்கணும்னு அவளே போனா." பிறகு லூசினாவிடமும் அதையே சொன்னான், கையைப் பிடித்துக்கொண்டு, மெதுவாக, அவளுக்கே அது சரியாக இருக்குமோ என்று தோன்றும்வரை. அவன் ஒருநாளும் அடித்ததில்லை. அப்படி எதுவும் நடக்கவில்லை என்பான், அவ்வளவுதான். பத்தொன்பது வருடம். விவாகரத்துத் தீர்ப்பின் மூன்றாம் பக்கத்தில் 'கணவரின் குற்றம்' என்று இருந்தது; கீழே பால்கனி, தேதி, ஃபெலிக்ஸாவின் பெயர். நடந்தது என்று இன்னொரு மனிதர் எழுதிக் கையெழுத்துப் போட்ட ஒரே காகிதம் அது. ஃபெலிக்ஸா இறந்து எட்டு மாதமாகிறது.

"அண்ணி" என்று யாரோ கூப்பிட்டார்கள். டனுதா. மூன்று வருடமாக 'அந்தப் பொம்பளை' என்று சொல்லித் திரிந்தவள். "கேட்டுட்டேல்ல? அவனைப் பாத்துக்கிட்டு எனக்கு முதுகு விட்டுப் போச்சு. சட்டப்படி இனிமே அவன் உன் பொறுப்பு."

ஞாயிறு மதியம் டனுதா அவனை ஒரு பையோடு வாசலில் விட்டுப் போனாள். லூசினா கதவைச் சாத்தியிருக்கலாம். ஆனால் அவன் அதற்குள் செருப்பைக் கழற்றி, எப்போதும் வைக்கும் இடத்தில் வைத்துவிட்டான். நடை சற்றுச் சாய்ந்திருந்தது. வலது கை மடங்கியே இருந்தது. சுவர்களைப் பார்த்தான்.

"பச்சை எப்ப அடிச்சே? நான் வேண்டாம்னு சொல்லியிருப்பேனே."

"நீ இல்லாதப்ப."

"நான் எங்க போனேன்?"

அவள் பீட்ரூட் சூப்பைச் சுடவைத்தாள். அவன் இடது கையால், சிந்தாமல், ஒரு குழந்தையின் கவனத்தோடு குடித்தான். அவனுக்கு எதிரே உட்கார்ந்திருப்பது பழையபடி இருந்தது. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. இப்படியே பத்து நாள் போனால் இந்த மூன்று வருடமும் தன்னிடமிருந்தும் போய்விடும் என்று நினைத்தாள். எதையாவது சத்தமாகச் சொல்லிவிட வேண்டும்போல இருந்தது. எப்படியும் மறுக்கப்போகிறான்.

"ஸெனோன். என்னைப் பால்கனில வச்சுப் பூட்டினியே."

அவன் கரண்டியை வைத்தான். நெற்றி சுருங்கியது. பிறகு முகம் மலர்ந்தது.

"ஆமா. ஜனவரி. நீ கண்ணாடியைத் தட்டிக்கிட்டே இருந்த. முதல்ல விரலால. அப்புறம் முழங்கையால. நான் இந்த நாற்காலியைத் திருப்பிப் போட்டு உக்காந்து பார்த்துக்கிட்டிருந்தேன்."

அடுப்பில் மிச்ச சூப் கொதித்தது. அவள் எழுந்து அணைக்கவில்லை. நாற்காலி விஷயம் ஃபெலிக்ஸாவுக்குத் தெரியாது. மூன்றாம் பக்கத்திலும் இல்லை.

"'பனி பார்க்க அவளே போனா'ன்னு சொன்னியே."

"சொன்னேன்" என்றான், கல்யாண ஆல்பத்தைப் பார்ப்பவனின் குரலில். "நீ நம்பிட்ட."

எந்த மாடியில் இதைச் சொன்னாலும் எடுபடாது. மூளை அடிபட்டவனின் பேச்சு. ஆனால் அவள் உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. பத்தொன்பது வருடம் கேட்டுக் கெஞ்சிய ஒன்றை, யாருக்கும் உதவாத இந்த நேரத்தில், கூச்சமே இல்லாமல் கொடுக்கிறான்.

"அதுக்கு முந்தி ஒண்ணு" என்றான். "ஆத்துப் பாலத்துல. நீ போட்டிருந்த கோட்டை நான் கழட்டி வாங்கிக்கிட்டேனே, ஞாபகம் இல்லை?"

அவளுக்கு ஞாபகம் இல்லை. பாலம் தெரியும். கோட்டும் தெரியும், சாம்பல் நிறம், எங்கோ தொலைத்துவிட்டதாகவே இத்தனை நாள் நினைத்திருந்தாள்.

"இல்லை. சொல்லு" என்றாள். நாற்காலியை மேசைக்கு நெருக்கமாக இழுத்துக்கொண்டாள்.

ஸெனோன் நல்ல கையை மேசைமேல் விரித்து வைத்தான். எங்கிருந்து தொடங்குவது என்று சற்று யோசித்தான். பிறகு, பொறுமையாக, முதல் விரலை மடக்கினான்.