ஆடு இல்லாத மலை

கவிதை எனக்குச் சரிவராத சாமான். முப்பத்தொரு வருடம் கொழும்புத் துறைமுகத்தில், கப்பலிலிருந்து இறங்குகிறவற்றை எண்ணிக் குறித்த கிளார்க் நான். பெட்டி இருந்தால் இருக்கிறது என்று எழுதுவேன், இல்லாவிட்டால் இல்லை என்று எழுதுவேன். இருந்தும் இல்லாமலும் இருக்கிற பெட்டியை ஒருவரும் எனக்கு இறக்கிக் காட்டியதில்லை. அப்படிப்பட்டவன் போன கிழமை முழுக்க எட்டு வரிக் கவிதையொன்றைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு திரிந்தேன் என்றால், அதை எழுதியவன் என் மகன் பிறெடி என்பதுதான் காரணம்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கொட்டாஞ்சேனை வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றவில்லை, மஹ்ரூப் போன் எடுத்தான். என்னோடு துறைமுகத்தில் வேலை செய்துவிட்டு, பிறகு வெள்ளவத்தையில் புத்தகக் கடை போட்டவன். கவிதைப் பைத்தியம். பேப்பரில் உன் மகனுடைய கவிதை வந்திருக்கிறது, பார்த்தாயா என்று கேட்டான். என் மகன் வங்கியில் கம்பியூட்டர் பார்க்கிறவன், அவனாவது கவிதையாவது என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போய்ப் பேப்பர் வாங்கினேன். அவன் பெயர் அச்சாகி இருந்தது.

விறகு என் தோளில்.
மலை அப்பாவின் கண்ணில்.
மூன்று நாள் வழியைக்
கால் மணியில் நடந்தோம்.
‘பகல் சாப்பாட்டுக்கு வந்திடலாம்’ என்றார்.
நான் நிலத்தைப் பார்த்தே போனேன்,
அவர் முகத்தை
ஒரு தரமும் பார்க்கவில்லை.

மேலோட்டமாகப் பார்த்தால் இது ஆபிரகாமும் ஈசாக்கும். ஆண்டவர் கேட்டார் என்று பெற்ற பிள்ளையைப் பலி கொடுக்க மூன்று நாள் வழி நடந்து மலைக்குக் கூட்டிப்போன தகப்பனின் கதை. ஆனால் பைபிளில் எந்த ஆபிரகாமும் பகல் சாப்பாட்டுக்கு வந்திடலாம் என்று சொல்லவில்லை. அதைச் சொன்னவன் நான்.

பதினெட்டு வருடத்துக்கு முன் நடந்தது. பொலிஸ்காரர் எங்கள் ஒழுங்கையைச் சுற்றி வளைத்துத் தேடினார்கள். பிறெடிக்கு அப்போது பத்தொன்பது வயது. நாளைக் காலை ஒன்பது மணிக்கு மகனை ஸ்டேஷனுக்குக் கொண்டுவா, வாக்குமூலம் எடுக்கவேண்டும் என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்கள். கொண்டுபோனால் அன்றைக்கே விடமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு அதற்கு முந்தின மாதம் அதுதான் நடந்தது. ஆனாலும் நேர்மையாகக் கொண்டுபோனால் கெதியாக விடுவார்கள், ஒளித்தால் பழி வரும் என்று நானே முடிவெடுத்தேன். பிறெடிக்குச் சொல்லவில்லை. ஸ்டேஷன் கால் மணி நடைதான், ஒரு கையெழுத்துத்தான், பகல் சாப்பாட்டுக்கு வந்திடலாம் என்றேன். நாலு மாதம் கழித்துத்தான் வந்தான். வந்த பிறகு ஒரு வார்த்தை அதைப் பற்றிக் கதைத்ததில்லை. படித்தான், வேலை எடுத்தான், றஷ்மியைக் கட்டினான், கல்கிசையில் வீடு வாங்கினான். ஞாயிறில் வந்து மரியாதையாக இருந்துவிட்டுப் போவான். அந்த மரியாதைதான் என்னைத் தின்றது.

என் மனைவி பிறிஜெற்றிடம் பேப்பரை நீட்டினேன். கண்ணாடி போட்டு வாசித்தாள், மடித்தாள், பெத்த மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்றாள். அப்படியென்றால் இது கோபமா என்று கேட்டேன். எழுதினவன் உயிரோடு இருக்கிறான், ஊரெல்லாம் கேட்காமல் அவனிடம் போய்க் கேள் என்று சொல்லிவிட்டு மீன் வெட்டப் போனாள். சொல்லுவது சுகம். பதினெட்டு வருடம் கேட்காத வாய் ஒரு நாளில் திறக்குமா?

எனக்குத் தெரிந்த வேலையைச் செய்தேன். தாள் எடுத்து, கவிதைக்குள் இருக்கிற சாமான்களைக் குறித்தேன். விறகு உண்டு. மலை உண்டு. தகப்பன், மகன் உண்டு. கத்தி இல்லை. தடுக்க வானத்திலிருந்து வந்த சம்மனசு இல்லை. பிள்ளைக்குப் பதிலாக வெட்ட ஆடு இல்லை. மூன்று தரம் சரி பார்த்தேன். கதையில் பிள்ளை தப்புவதற்கு என்னென்ன வேண்டுமோ அதெல்லாம் குறைவு. கடைசியில் முகத்தைப் பார்க்கவில்லை என்கிறான். தான் வெறுக்கிறவன் முகத்தைத்தானே ஒருவன் பார்க்கமாட்டான்?

வியாழக்கிழமை பொறுக்க முடியாமல் மஹ்ரூப்பின் கடைக்குப் போனேன். நடந்ததெல்லாம் அவனுக்குத் தெரியும். என் தாளைப் பார்த்துச் சிரித்தான். எனக்குக் கோபம் ஏறிக்கொண்டு வந்தது. கவிதையைச் சாமான் எண்ணுவதுபோல எண்ணக் கூடாது என்றான். பிறகு எப்படி எண்ணுவது, உன் புத்தகக் கடைத் தராசிலா என்று கேட்டேன். இப்படியே அவன் ஊற்றித் தந்த பிளேன்ரீ ஆறும்வரை சண்டை. அவன் அந்தக் கவிதையில் அன்பைப் பார்க்கிறான், நான் சாபத்தைப் பார்க்கிறேன். ஒருவர் சொல்வது மற்றவருக்கு விளங்கவே இல்லை. கடைசியில் நான், ஏமாற்றிக் கூட்டிப்போன தகப்பனில் என்னப்பா அன்பு என்று கத்தினேன்.

மஹ்ரூப் என்னை விசித்திரமாகப் பார்த்தான். "யார் ஏமாத்தின? மகனுக்குத் தெரியுமே."

"எப்படித் தெரியும்? ஆடு எங்கே எண்டு மகன் கேக்கிறான். ஆண்டவர் தருவார் எண்டு தகப்பன் மழுப்பிறார்."

"அது ஒங்கட கதை. எங்கட கதையில இப்றாஹிம் நபி மகன்ட்ட சொல்லிக் கேக்கிறாரு. கட்டளைப்படி செய்ங்க வாப்பா, நான் பொறுமையா இருப்பன் எண்டு மகன்தான் சொல்ற."

நாற்பது வருடமாக இந்தப் பலியை நினைத்து இவன் வீட்டில் அறுக்கும் ஹஜ்ஜுப் பெருநாள் இறைச்சியைச் சாப்பிட்டவன் நான். அதே மலை, அதே தகப்பன், அதே கதை என்று நினைத்துக்கொண்டுதான் சாப்பிட்டேன். அவனும் அப்படித்தான் நினைத்திருக்கிறான். அவன் கதையில் பிள்ளையிடம் சம்மதம் கேட்டார்கள், என் கதையில் கேட்கவில்லை. இரண்டு பேரும் ஒரே கவிதையைக் கையில் வைத்துக்கொண்டு வேறு வேறு மலையில் ஏறியிருக்கிறோம்.

அப்படியென்றால் பிறெடி எந்த மலையை எழுதினான் என்று கேட்டேன். மஹ்ரூப் கவிதையைத் திரும்ப வாசித்தான். கவிதையில் மகன் ஒன்றும் கேட்கவில்லை, தகப்பனும் உண்மையைச் சொல்லவில்லை, அதனால் இரண்டு மலையும் இல்லை, மூன்றாவது ஒன்று என்றான். என் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்ற ஆசைதான் மிச்சமாக இருந்தது. பஸ் ஓடும் காலி வீதிக்கு வந்து, வீட்டுப் பக்கம் போகாமல் கல்கிசை பஸ்ஸில் ஏறினேன். தெஹிவளைப் பாலம் வரும்வரை இறங்கித் திரும்பிவிடலாமா என்று யோசித்துக்கொண்டேதான் போனேன்.

பிறெடி அன்றைக்கு வீட்டிலிருந்து வேலை. கதவைத் திறந்தவன், மமிக்கு என்ன என்று பதறினான். மமிக்கு ஒன்றும் இல்லை என்று சொல்லிக் கவிதையை மேசையில் வைத்தேன். அவன் முகம் சிவந்தது. டடி இதெல்லாம் வாசிப்பீர்களென்று நினைக்கவில்லை என்றான். நான் சுற்றி வளைக்கவில்லை. அன்றைக்கு நான் உன்னை ஏமாற்றிக் கொண்டுபோனேன், அந்த வெறுப்பில்தானே என் முகத்தைப் பார்க்கவில்லை என்று கேட்டேன்.

"ஏமாத்தினதோ?" என்றான். "பேக்கைத் தூக்கேக்கயே தெரியும் டடி. ஒரு கையெழுத்துக்கு உடுக்க ரெண்டு சாரமும் பல்லு பிரஷும் எதுக்கு?"

அந்தப் பையைக் கட்டியது நானும் பிறிஜெற்றும்தான். அவன் தோளில் மாட்டிவிட்டதும் நான்தான்.

"தெரிஞ்சுமோடா வந்தாய்? பின்பக்கத்தால ஓடியிருக்கலாமே."

"நான் ஓடினா உங்களத்தானே கொண்டு போயிருப்பாங்கள். உங்களுக்கு அப்பவே பிரஷர்."

"அப்ப ஏன் முகத்தைப் பார்க்கயில்ல?"

அவன் யன்னல் பக்கம் திரும்பினான். "பார்த்திருந்தா நீங்க அழுதிருப்பீங்க. நீங்க அழுதா எனக்கு அங்க நடந்துபோக ஏலாமப் போயிருக்கும்."

சந்தோசப்பட வேண்டியவன் நான். பிள்ளை என்னை வெறுக்கவில்லை. ஆனால் பத்தொன்பது வயதுப் பையன் என்னைக் காப்பாற்ற அந்த ஒழுங்கையால் போயிருக்கிறான், நான் அவனுக்கு வழி காட்டுகிறேன் என்று முன்னால் நடந்திருக்கிறேன். மடையா, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று அவனை ஏசினேன். பிறகு அவனுடைய கதிரையில் உட்கார்ந்து, அன்றைக்கு அழாமல் விட்டதையெல்லாம் சேர்த்து அழுதேன்.