கத்துவதற்கு ஒரு பொத்தான்

அப்பாவைக் கிடத்தியிருந்த ஐஸ் பெட்டியின் வயரை ஒதுக்கிவிட்டு, மிச்சமிருந்த ஒரே பிளக்கில் அவருடைய டேப்லட்டைச் செருகினாள் கயல். பேனர் கடைக்காரர் மூன்றாவது முறையாகப் போன் செய்துவிட்டார். அஞ்சலி பேனருக்கு நல்ல போட்டோ ஒன்று வேண்டுமாம். விசாலாட்சி தோட்டம் குடியிருப்பில் அவர்கள் வீட்டுச் சின்ன ஹாலில் பெட்டியைச் சுற்றிப் பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். வாசலில் மேளக்காரர்கள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"கெடச்சுதாக்கா? மூணு மணிக்கு எடுக்கணும்" என்றான் தம்பி சேரன்.

"கொஞ்சம் சார்ஜ் ஏறட்டும்டா. இரு."

அப்பா தணிகாசலம் முப்பது வருஷம் 5பி பஸ்ஸில் கண்டக்டர். "உள்ள போ, உள்ள போ" என்று அவர் ஒரு குரல் கொடுத்தால் பின்படியில் தொங்குகிறவன்கூட மேலே ஏறிவிடுவான். அந்தத் தொண்டையில்தான் புற்றுநோய் வந்தது. குரல்வளையை எடுத்த பிறகு கயல்தான் இந்த டேப்லட்டை வாங்கிக் கொடுத்தாள். அவர் எழுதினால், ஒரு பெண் குரல் அதை வாசிக்கும்.

எழுத்தைத் தடிமனாக்கும் பொத்தானை அவராகவே கண்டுபிடித்தார். முதல் நாளே, காபியில் சர்க்கரை இல்லை என்று அதை அழுத்தி எழுதினார். தடிமனுக்காக உள்ளே ஒளிந்திருந்த <b>, </b> என்ற கோணக் குறிகளையும் சேர்த்து அந்தக் குரல் வாசித்தது: "லெஸ் தேன் பி கிரேட்டர் தேன் சக்கர எங்க லெஸ் தேன் ஸ்லாஷ் பி கிரேட்டர் தேன்."

"இன்னாடி இது, மந்திரம் ஓதுது?" என்றாள் அம்மா முத்தம்மா. வீடே சிரித்தது. அப்பாவுக்குச் சத்தம் வராமல் தோள் மட்டும் குலுங்கியது.

கயலுக்கு இதெல்லாம் ஜுஜுபி. தரமணி ஆபீஸில் அவள் தினமும் செய்வதே இதுதான்: இணையப் பக்கங்களில் இருக்கும் குறிகளை உரித்துவிட்டு வெறும் எழுத்தை எடுப்பது. பைத்தான் நிரலில் ஒரே வரி. கோணக் குறி திறக்கும் இடத்திலிருந்து மூடும் இடம்வரை எது இருந்தாலும் தூக்கிவிடு. டேப்லட்டின் குரலுக்கும் அந்த வரியைச் சேர்த்தாள்; குறிகள் வெங்காயத் தோல் மாதிரி உரிந்துபோயின. குறிகள் கண்ணுக்குத்தானே, காதுக்கு எதற்கு என்று நினைத்தாள். அன்றைக்கு அவளுக்குக் கொஞ்சம் கர்வமாகக்கூட இருந்தது.

கடைசி ஒன்பது நாள் அவர் ஐசியூவில் இருந்தார். உள்ளே ஒருவருக்குத்தான் அனுமதி, அதுவும் பத்து நிமிஷம். அந்த நேரத்தில் பெரும்பாலும் மருந்து மயக்கத்தில் கிடப்பார். விழித்திருக்கும்போது அவர் எழுதுவது வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் கயலின் போனில் பேச்சாக மட்டும் வரும். "தண்ணி வேணும்." "ஏசி ஜாஸ்தி." "வீட்டுக்குப் போலாம்." எல்லாம் ஒரே குரலில், ரயில்வே ஸ்டேஷன் அறிவிப்பு மாதிரி.

வீட்டுக்குக் கூட்டிப்போவதானாலும் சரி, இன்னும் கொஞ்சம் முயன்று பார்ப்பதானாலும் சரி, உங்கள் விருப்பம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அம்மா கூட்டிப்போகலாம் என்றாள். கயல்தான் தடுத்தாள்.

"அந்தாளு கேட்டுக்கினே கீறாரு, நீ வேணான்ற."

"எம்மா, பொறுமையாத்தான கேக்குறாரு? கோவமா கேட்டா எனக்குத் தெரியாதா?"

படித்த பெண், அவளுக்குத் தெரியும் என்று அம்மா விட்டுவிட்டாள். நேற்றுக் காலை, வீட்டார் யாரும் பக்கத்தில் இல்லாத நேரத்தில், அவர் போய்விட்டார்.

திரை வெளிச்சமானது. போட்டோக்களுக்குப் போகுமுன், அவர் கடைசியாக எழுதிய பக்கம் தானாகவே திறந்துகொண்டது. மேலே சின்ன எழுத்தில் 'தண்ணி வேணும்.' அதன் கீழே தடித்த எழுத்தில் 'வீட்டுக்குப் போலாம்.' அதற்கும் கீழே அதே வாக்கியம், இன்னும் பெரிதாக. அப்புறம் சிவப்பில். கடைசியாக எழுதியது ஒரு திரைக்குள் அடங்கவில்லை. எண்ணிப் பார்த்தாள், பதினோரு தடவை. அந்த மனுஷன் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறார். அவள் எழுதிய ஒரு வரி அத்தனை கத்தலையும் உரித்துப் போட்டுவிட்டுச் சொற்களை மட்டும் அவளிடம் கொடுத்திருக்கிறது.

டேப்லட்டை மூடி வைத்துவிடலாம். இந்த வீட்டில் வேறு யாருக்கும் தெரியப்போவதில்லை.

போட்டோவை அனுப்பினாள். சேரன் பேனர் கடைக்கு ஓடினான். அவள் எழுந்திருக்கவில்லை.

"இன்னாடி, அதையே பாத்துக்கினுகீற?" என்றாள் அம்மா.

"எம்மா... நைனா பொறுமையா கேக்கலம்மா. கத்திகீறாரு. நாந்தான் அத எடுத்துட்டேன்."

திரையைக் காட்டினாள். அம்மாவுக்குப் படிக்க வராது. எழுத்து வளர்ந்துகொண்டே போவதை மட்டும் மேலிருந்து கீழே பார்த்தாள்.

"எனுக்கு இன்னா தெரியும். அதப் படிக்கச் சொல்லு."

கயல் தன் போனில் நிரலைத் திறந்து அந்த ஒரு வரியை அழித்தாள். சத்தத்தை முழுதாக வைத்தாள்.

"லெஸ் தேன் பி கிரேட்டர் தேன் வீட்டுக்குப் போலாம் லெஸ் தேன் ஸ்லாஷ் பி கிரேட்டர் தேன். லெஸ் தேன் ஹெச் ஒன் கிரேட்டர் தேன் லெஸ் தேன் பி கிரேட்டர் தேன் வீட்டுக்குப் போலாம்..."

பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். அந்த முதல் நாள் சிரித்தவர்களில் பாதிப்பேர் அங்கேதான் இருந்தார்கள். இன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை.

பெட்டியின் கண்ணாடியில் பனி படிந்திருந்தது. அம்மா அதை அப்பாவின் முகத்துக்கு நேராக முந்தானையால் துடைத்தாள்.

"வந்துட்டய்யா," என்றாள். "வீட்லதான் கீற."

கயலின் பக்கம் அவள் திரும்பவில்லை. குரல் ஏழாவது தடவைக்குப் போயிருந்தது.