மரச்சீனி இலையில் வண்டு

வெள்ளறடை மலைச்சரிவில் ராஜையாவின் மரச்சீனித் தோட்டத்தை மைக்கானியா கொடி மூடிக் கிடந்தது. வெட்டினால் அடுத்த மழைக்கு இரட்டிப்பாகப் படர்ந்தது. இந்த வருடமும் மரவள்ளிக் கிழங்கு விரல் தடிமனைத் தாண்டவில்லை. அவருடைய ஒரே நம்பிக்கை, மகள் நீது வளர்த்த வண்டு.

பாறசாலைப் பக்கம் ஓர் ஆய்வுக்கூடத்தில் நீதுவுக்கு வேலை. வெளிநாட்டிலிருந்து வந்த அந்த வண்டு கொடியைத் தின்னும். பயிர்களைத் தின்னாது என்று தெரிந்தால்தான் வெளியே விடலாம். ஒவ்வொரு பயிரையும் தனிக் கூண்டில் வைத்து, வேறு தீனியில்லாமல் வண்டுகளை விட்டாள். எதையும் தொடாமல் பட்டினியில் செத்தன. மரச்சீனிக் கூண்டில் மட்டும் சீக்கிரமே செத்துவிட்டன. அது இன்னும் நல்லது என்று நினைத்தாள். அந்தச் செடிகள் அப்பா கொடுத்தவை.

அனுமதி வந்தது. முதல் வண்டுகளை ராஜையாவின் தோட்டத்தில் விடுவதாக ஏற்பாடு. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து சாப்பிடும்போது அவர் தன் செடிகளைப் பற்றிப் பெருமை அடித்துக்கொண்டிருந்தார்.

"ஒரு மாவுப்பூச்சி உண்டா, பாத்தியா? மருந்தடிச்சு, வேருலயும் ஊத்தித்தான் தந்தேனாக்கும். படிச்சவங்க பாக்குத எடத்துல எனக்க மரச்சீனில பூச்சி கெடந்தா உனக்கில்லா நாணக்கேடு."

நீதுவின் கை சோற்றிலேயே நின்றது. அப்படியானால் அந்தக் கூண்டில் வண்டுகளைக் கொன்றது பட்டினியல்ல, மருந்து.

மருந்து படாத செடிகளைத் தேடிப் பிடுங்கிக்கொண்டு ஆட்டோவில் ஆய்வுக்கூடத்துக்கு ஓடி, அவற்றில் வண்டுகளை விட்டாள். மாலைக்குள் இலைகளில் ஓட்டை விழுந்தது. பசித்த வண்டு எதையும் கடித்துப் பார்க்கும் என்று மேலதிகாரி லேகா சமாதானம் சொன்னார். ஆனாலும் விடும் நாளைத் தள்ளிப்போட்டார். சில நாளில் இலைக்கடியில் முட்டைகள். பிறகு புழுக்கள், கொழுகொழுவென்று. லேகா வண்டை வெளியே விடும் திட்டத்தையே கைவிட்டார்.

அத்தனை கூண்டுகளையும் நீதுவே, வண்டுகள் உறைந்து சாக, உறைபெட்டிக்குள் அடுக்கி மூடினாள்.

வீட்டுக்குப் போனபோது ராஜையா கொடியை அரிந்துகொண்டிருந்தார். வண்டு வராது என்றாள். ஏன் என்றும் சொன்னாள். அவர் வெட்டுக்கத்தியைக் கீழே வைத்தார்.

"நான் வாய தொறக்காம இருந்திருந்தா?"

"வண்டு இங்க வந்திருக்கும்பா. அடுத்த மழைக்கு ஒரு மூடு மரச்சீனிச் செடி மிஞ்சாது. நமக்கு மட்டுமில்ல, ஊருக்கே."

ராஜையா சரிவைப் பார்த்தார். கொடி ரப்பர் மரங்களிலும் ஏறத் தொடங்கியிருந்தது.

"இப்ப மட்டும் மிஞ்சுமா, மக்கா?"

அவர் கத்தியை எடுத்துக்கொண்டு மறுபடி குனிந்தார்.