துளி இருந்த குழாய்

அந்த முத்திரைத் துளியை வரைய எனக்கு நாற்பத்தொரு வரைவு தேவைப்பட்டது. எங்கள் ஊர் அறிவியல் மன்றத்தின் செயலாளர் ஓய்வுபெற்ற வேதியியல் பேராசிரியர். ஒவ்வொரு தாளையும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "விழற துளி இப்படி மேல கூரா இருக்காது தம்பி, உருண்டையாத்தான் இருக்கும்" என்பார். உருண்டையாகப் போட்டால் எவனுக்கு அது துளி என்று தெரியும்? மல்லுக்கட்டி நான்தான் ஜெயித்தேன். நல்ல நீலம், கொஞ்சம் சாய்ந்த துளி. பார்த்தவர்கள் எல்லாரும், "பாத்தாலே நம்பலாம் போலிருக்கு" என்றார்கள். அக்கா தெருவில் போகிறவர்களை நிறுத்தி, "எந்தம்பி போட்டது" என்று காட்டுவாள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மன்றம் ஊரின் பொதுக் குழாய்களைச் சோதித்து ஸ்டிக்கர் ஒட்டியது. தண்ணீர் நன்றாக இருந்தால் துளிக்குக் கீழே பச்சைப் பட்டை, மோசமாக இருந்தால் சிவப்புப் பட்டை. சிவப்பில் வெள்ளை எழுத்தால் 'குடிக்க வேண்டாம்'.

கூட்டத்தில் ஓர் உறுப்பினர் கேட்டார். "கெட்ட தண்ணிக்கும் எதுக்குங்க அதே துளி? மேல ஒரு குறுக்குக் கோடாவது போடலாமே?"

என் துளியின் மேல் கோடா? "முத்திரை எல்லா இடத்துலயும் ஒரே மாதிரி இருக்கணும் சார். அப்பத்தான் மனசுல நிக்கும்" என்றேன். பெரிய மேதாவி போலச் சொன்னேன். எல்லாரும் தலையாட்டினார்கள்.

அச்சகக்காரரும் தன் பங்குக்குச் சொன்னார். "வெயில்ல சிவப்பு சீக்கிரம் வெளுத்துடும். மேல ஒரு பிளாஸ்டிக் உறை போட்டுக்குவோம்."

"பளபளன்னு அசிங்கமா இருக்கும். வேண்டாம்."

அவர் தோளைக் குலுக்கிவிட்டு மெஷினை ஓட்டினார்.

இது நடந்து ஒன்றரை வருடம். போன மாதம் அக்கா வீட்டுக் குழாய்ப் பாதை உடைந்து மூன்று வாரம் தண்ணீர் வரவில்லை. நான்கு மாதக் குழந்தை, புட்டிப்பால். தெருமுனைக் குழாயில் பிடித்து, நன்றாகக் கொதிக்க வைத்து, ஆற வைத்துத்தான் பால்மாவு கலக்கினாள். மூன்றாவது வாரம் குழந்தையின் உதடு நீலம் பாரித்தது. ஆஸ்பத்திரியில் ஒருநாள்தான் இருந்தது. என் மடியில் தூங்கிய பிள்ளை, இரண்டு கைக்குள் அடங்கும் பொட்டலமாக வீட்டுக்கு வந்தது.

தண்ணீரில் உரத்தின் நைட்ரேட் கலந்திருக்க வேண்டும், பச்சைக் குழந்தையின் ரத்தத்தை அது கெடுத்துவிடும், கொதிக்க வைத்தால் அது போகாது, இன்னும் செறிவாகத்தான் ஆகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அக்கா ஒப்புக்கொள்ளவே இல்லை. தண்ணீர் நல்ல தண்ணீர்தான், தான்தான் புட்டியைச் சரியாகக் கழுவவில்லை என்று ஒரே பிடியாக நின்றாள். காரியமெல்லாம் முடிந்த பிறகும் தினமும் குழந்தையின் ஆறு புட்டிகளையும் எடுத்து வைத்துக் கழுவினாள். நேற்றுக் காலை மச்சான் என்னை வாசலுக்குக் கூட்டிப்போனார்.

"நான் சொல்லிப் பாத்துட்டேன் மாப்ள. சுடுதண்ணியில கை வெந்து கெடக்கு. நீ சொன்னா கேப்பா."

அவளிடம் பேசுமுன் அந்தக் குழாயைப் பார்த்துவிடலாம் என்று தெருமுனைக்குப் போனேன். குழாய்த் தூணில் என் ஸ்டிக்கர் இருந்தது. துளி மட்டும், ஸ்டிக்கர் ஒட்டிய அன்றைக்கு இருந்த அதே நீலத்தில் இருந்தது. அதற்குக் கீழே வெறும் வெள்ளை. சிவப்பு போன பிறகு வெள்ளை எழுத்து எங்கே நிற்கும்? விரலால் தடவிப் பார்த்தேன், ஒன்றும் தட்டுப்படவில்லை. அங்கேயே நின்று செயலாளருக்குப் போன் போட்டு, இந்தத் தண்ணீரால் ஒரு குழந்தை போய்விட்டது, இது எப்படிப்பட்ட குழாய் என்று கேட்டேன்.

"அந்தக் குழாய் மோசம்னு அப்பவே பட்டியல்ல போட்டோமே தம்பி, நம்ம இணையதளத்துல..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திவிட்டார். பிறகு, "யாரு குழந்தை?" என்று கேட்டார்.

சொன்னேன். போனை வைத்துவிட்டேன்.

ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டி முழுசாக உரித்தேன். சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு அப்படியே என் வீட்டுக்குப் போய்விடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. போயிருந்தால் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. அக்கா மட்டும் ஆயுசு முழுக்கப் புட்டி கழுவிக்கொண்டிருப்பாள்.

அக்கா வீட்டுச் சமையலறையில் அடுப்பின் மேல் பாத்திரம் கொதித்துக்கொண்டிருந்தது. அக்காவின் கை சிவந்து தோல் உரிந்திருந்தது. அடுப்பை அணைத்துவிட்டு ஸ்டிக்கரை மேடைமேல் வைத்தேன்.

"இதைப் பாத்துத்தான் அந்தக் குழாய்ல புடிச்சியாக்கா?"

"ஆமாடா. பக்கத்துலயே இன்னொரு குழாய் இருக்கு, அதுல ஒண்ணும் ஒட்டல. நான் அதைத் தொடவேயில்ல. உன் துளி இருந்த குழாய்லதான் புடிச்சேன்."

"புட்டியில ஒண்ணுமில்லக்கா. உன் மேல ஒரு தப்பும் இல்ல. இதுல கீழ எழுதியிருந்துச்சு. நான்தான் எழுதினேன், அழிஞ்சு போச்சு. அழியும்னு சொன்னாங்க, நான் கேக்கல."

அவள் ஸ்டிக்கரை எடுத்து, ஈரக் கையால் அந்த வெள்ளையைத் துடைத்துப் பார்த்தாள். ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தாள். பிறகு என்னிடம் நீட்டினாள்.

"என்னன்னு எழுதியிருந்தே? படி."

வெள்ளைப் பட்டையைப் பார்த்துக்கொண்டே படித்தேன்.

"குடிக்க வேண்டாம்."