லொரெய்னும் வருகிறாள்

1.

இந்தக் கதை நான் திருடியது. முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

கார்னர் புரூக் என்ற குளிர்ப்பிரதேச ஊரில் எனக்குப் பக்கத்து வீட்டுக்காரி வெர்னா பெல்லி. வயது அறுபத்தொன்று, கப்பலில் சமையல்காரியாக இருந்து ஓய்வுபெற்றவள். மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை என் சமையலறைக்கு வந்து, டின்பால் கலந்த தேநீர் ஆறி ஆடை கட்டும்வரை தன் முன்னாள் கணவன் கஸ்ஸைத் திட்டித் தீர்த்தாள். அவள் படியிறங்கியதும் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

2.

முதல் தொடக்கம்: "பனி உருகி ஓடும் ஆற்றில் வெள்ளி மின்னலாய்ச் சால்மன் மீன்கள்…"

அடித்துவிட்டேன். இதைப் படித்தால் வெர்னா என்னை அந்த ஆற்றிலேயே தள்ளிவிடுவாள்.

இரண்டாவது: "மணவிலக்காகிப் பதினோரு வருடமாகியும் ஒவ்வொரு ஜூலையிலும் அவர்கள் இருவரும் சேர்ந்தே…"

இதையும் முடிக்க முடியவில்லை. படிப்பவர் உடனே காதல் என்று முடிவுகட்டிவிடுவார். காதல்தானா? தெரியாது. வெர்னாவைக் கேட்டால், "அவன மாதிரி மழையில அடுப்புப் பத்த வைக்கிற ஆளு வேற எவனும் கிடைக்கல" என்பாள். (இரண்டு பேருக்கும் தனித்தனிக் கூடாரம். அவன் குறட்டை அப்படி.)

3.

நடந்ததையே சொல்லிவிடுகிறேன். வெர்னா தன் வீட்டு மேசையில், ஜூலை மீன்பிடிப் பயணத்துக்காக வரைபடத்தை விரித்து வைத்திருந்தாள். ஆறு நாள், மூன்று ஆறு, தீபகற்பச் சாலையில் வடக்கே பயணம். அடுப்பு, தார்ப்பாய், ஆற்றங்கரையில் மொய்த்துக் கடிக்கும் கரு ஈக்கு வலைத்தொப்பி, மார்புவரை ஏறும் ரப்பர் கால்சட்டை என்று பட்டியல் நீண்டுகொண்டிருந்தது. மீனை ஏமாற்றத் தூண்டில் கொக்கியில் இறகும் நூலும் சுற்றிச் செய்த பொய் ஈக்கள் நாற்பது, குளிர்காலம் முழுக்க அவள் கையாலேயே கட்டியவை, தயாராக இருந்தன. அப்போது கஸ்ஸின் தொலைபேசி வந்தது.

"வெர்னா, இந்தத் தடவ லொரெய்னும் வர்றா."

லொரெய்ன், ஒரு வருடமாகக் கஸ்ஸோடு இருப்பவள்.

"அவளுக்கு மீன் பிடிக்கத் தெரியுமா?"

"தெரியாது."

"கூடாரத்துல படுத்திருக்காளா?"

"இல்ல."

"பின்ன எதுக்கு வர்றா? கரு ஈக்கு விருந்து வைக்கவா?"

"வண்டி ஓட்ட."

வெர்னா தொலைபேசியை வைத்துவிட்டு நேராக என் வீட்டுக்கு வந்தாள். "பதினெட்டு வருஷம் பெண்டாட்டியா இருந்தேன். ஒருநாள், ஒரே ஒருநாள், அவன் வண்டி ஸ்டியரிங்கத் தொட விட்டானா? இவ நேத்து வந்தவ!"

கோபம்தான். ஆனால் எதன்மேல்? வண்டியின்மேலா, லொரெய்ன்மேலா, தன்மேலேயா? பேசிக்கொண்டே வந்தவள் பாதியில் நிறுத்தினாள். "எனக்கே புரியல. எனக்கு என்னதான் வேணும்?"

4.

என் முதல் பிரதியில் லொரெய்னுக்குச் சிவப்பு நகப்பூச்சும் வாசனைத் திரவியமும் கொடுத்திருந்தேன். வெர்னாவின் கோபத்துக்கு ஒத்தாசையாக இருக்கட்டுமே என்று. வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். உண்மையான லொரெய்ன் பள்ளிப் பேருந்து ஓட்டுபவள், வெடித்த கைகள்.

வியாழக்கிழமை மதியம் அவள் வெர்னா வீட்டுக் கதவைத் தட்டினாள். கையில் விலைச்சீட்டுகூடக் கிழிக்காத தூண்டில்.

"எனக்கு வீசக் கத்துக்குடுப்பீங்களா?"

"உன் ஆளக் கேளேன்."

"அவரு கத்துக்குடுத்தா நாங்க பிரிஞ்சிருவோம்."

வெர்னா சிரித்துவிட்டாள். அங்கேதான் தோற்றாள் என்று நினைக்கிறேன். வீட்டுக்குப் பின்னால் புல்தரையில் பாடம் நடந்தது. "அவசரப்படாத. நூல் பின்னால நீளட்டும். நீண்டுச்சா? இப்ப வீசு." லொரெய்ன் வீசினாள். கொக்கி அவள் தொப்பியையே கவ்வியது.

தொப்பியிலிருந்து கொக்கியை எடுத்துக்கொண்டிருந்த வெர்னாவிடம், நிமிராமலே லொரெய்ன் சொன்னாள்: "எனக்கு ஆறுன்னாலே பயம். நான் வர ஆசப்படல. மார்ச்சுல இருந்து ரெண்டு தடவ மயங்கி விழுந்துட்டாரு. டாக்டர் வண்டி ஓட்டக்கூடாதுன்னுட்டாரு. என்னன்னு இன்னும் தெரியல. உங்ககிட்ட மட்டும் சொல்லக்கூடாதாம்."

"என்கிட்ட மட்டுமா? ஏன்?"

"சொன்னா நீங்க பயணத்தையே நிறுத்திருவீங்களாம்."

இடுப்பளவு வேகநீரில், வழுக்குப் பாறைமேல், ரப்பர் கால்சட்டையோடு ஒருவன் மயங்கி விழுந்தால் என்ன ஆகும் என்பது வெர்னாவுக்குத் தெரியும். நான் எழுத வேண்டியதில்லை.

5.

(இந்தப் பகுதியில் வெர்னாவின் மனம் வர வேண்டும். மூன்று முறை எழுதிக் கிழித்தேன். "அவள் அழுதாள்" என்று போட்டேன், அழவில்லையாம். "அவள் அழவில்லை" என்று போட்டேன்; "அப்படியும் இல்ல" என்கிறாள்.)

பயணத்தை நிறுத்தினால் லொரெய்ன் சொல்லிவிட்டது அம்பலமாகும். நிறுத்தாவிட்டால், ஆறு. அவனிடமே போட்டு உடைத்துவிட்டால், அவனுக்கு மிச்சமிருக்கும் ஜூலையும் போய்விடும். ஒரு வாரம் வெர்னா பொய் ஈக்களை நிறம் பார்த்து அடுக்கினாள். கலைத்தாள். மறுபடி அடுக்கினாள்.

6.

ஞாயிறு மதியம் மூவரும் வெர்னாவின் மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். வரைபடத்தில் வெர்னா பழைய மடுக்களையெல்லாம் அடித்துவிட்டிருந்தாள். புதிதாக வட்டம் போட்ட இடங்கள் எல்லாமே கரையில் நின்றபடியே வீசக்கூடியவை.

கஸ் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தான். "என்னடி இது? வாத்துக்கு ரொட்டி போடுற இடமா பாத்துப் பொறுக்கியிருக்க?"

"என் முட்டி சரியில்ல. தண்ணிக்குள்ள இறங்க முடியாது."

"உன் முட்டியா? போன வாரம் ஒரு வண்டி விறகத் தனியா அடுக்கினியாமே?"

"அதுலதான் போச்சு."

லொரெய்ன் தன் கோப்பைக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தாள். கஸ் வெர்னாவின் முழங்காலைப் பார்த்தான். பிறகு லொரெய்னை. பிறகு வெகுநேரம் வரைபடத்தை.

"சரி. உன் முட்டிக்காக" என்றான். பென்சிலை எடுத்துப் பட்டியலின் அடியில் எழுதினான்: ஊன்றுகோல், இரண்டு.

7.

அந்த இரண்டாவது கோல் யாருக்கு?

வெர்னா பொய் சொல்கிறாள் என்று கஸ்ஸுக்குத் தெரிந்துவிட்டது, தனக்காகவே எழுதினான் என ஒரு முடிவு எழுதிப் பார்த்தேன். லொரெய்னுக்கும் ஒன்று இருக்கட்டுமே என்று வெறுமனே எழுதினான் என இன்னொன்று. இரண்டையும் வெர்னாவிடம் வாசித்துக் காட்டி, எது சரி என்று கேட்டேன்.

"நான் அவன்கிட்ட கேக்கல. நீயும் கேக்காத" என்றாள்.

இன்று காலை கிளம்பிப் போய்விட்டார்கள். லொரெய்ன் வண்டி ஓட்ட, கஸ் பக்கத்தில், வெர்னா பின்னால் கூடாரங்களுக்கு நடுவே. ஆறு நாள் கழித்து அவர்கள் திரும்பும்போது நான் வேண்டுமென்றே ஊரில் இருக்க மாட்டேன். உங்களுக்குத் தெரிய வேண்டுமென்றால் நீங்கள் போய் வாசலில் நில்லுங்கள். ஆனால் கஸ்ஸிடம் உடம்பு எப்படி என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். வெர்னாவின் முட்டி எப்படி இருக்கிறது என்று கேளுங்கள்.