பதினேழாம் எண் கற்பவர்

தணிகாசலம் ஐந்தரைக்கு எழுந்தான். தெருக்குழாயில் ஒரு குடம் பிடித்தான். ஸ்டவ்வில் டீ போட்டுக் குடித்தான். குளித்தான். நேற்றைய சட்டையையே போட்டுக்கொண்டான். கதவைப் பூட்டி சைக்கிளை எடுத்தபோது மணி எட்டரை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்திரண்டில் அவனுக்கு ஒரு தற்காலிக வேலை கிடைத்திருந்தது. குருசுக்குப்பத்தில் ஒரு வெளிநாட்டு நிறுவனம் பெண்களுக்கு முதியோர் கல்வி மையம் நடத்தியது. சொல்லிக்கொடுத்தது பலித்ததா என்று பார்க்கப் பட்டதாரிகளை மூன்று மாதத்துக்கு எடுத்திருந்தார்கள். யார் யாரைப் பேட்டி காண்பது என்பதைக் கடலுக்கு அப்பால் ஓர் இயந்திரம் தீர்மானித்து அனுப்பும். முப்பது பெயர். ஒருத்திக்குப் பதில் இன்னொருத்தியைக் கேட்கக் கூடாது.

அன்று பட்டியல் வந்திருந்தது. பதினேழாவது பெயர் அஞ்சலாட்சி, கணவர் பெயர் தணிகாசலம்.

அவள் செத்து நான்கு மாதம்.

"மூணு போட்டுட்டுப் போய்யா," என்றார் மேற்பார்வையாளர் சக்கரபாணி. படிவத்தில் ஒன்று என்றால் படிக்கிறார். இரண்டு, முடித்துவிட்டார். மூன்று, பாதியில் நின்றுவிட்டார். சாவுக்கு எண் இல்லை.

"அவ நிக்கல சார். செத்துட்டா."

"செத்தா நின்ன மாதிரிதானய்யா?"

மையத்தின் ஆசிரியை வசந்தா பதறினாள். "ஐயோ சார், இந்த முப்பதுல ஒம்பது பேரு ஏற்கெனவே நின்னவங்க. பத்தாச்சுன்னா மையத்தயே மூடிடுவாங்க."

சக்கரபாணி வெளிநாட்டு நிறுவனத்துக்குத் தந்தி அடித்தார். எட்டாம் நாள் பதில் வந்தது. ஆழ்ந்த அனுதாபத்தில் தொடங்கி விதியில் முடிந்தது. கற்பவர் கடைசியாகச் சொன்னதை அவருடைய சொற்களிலேயே எழுதி அனுப்ப வேண்டும். படிப்பின் பயன் அதில் தெரிந்தால் மூன்று போட வேண்டாம். கணவரின் சொற்கள் செல்லாது.

அலுவலகமே கூடி உட்கார்ந்து அவளுக்குக் கடைசி வார்த்தை தயாரித்தது.

"எழுத்துதான் என் கண்ணுன்னு சொன்னதா போடுங்க," என்றாள் வசந்தா.

"அப்படியே உலக நாடுகளுக்கு நன்றின்னு ஒரு வரி சேத்துக்க," என்றார் சக்கரபாணி.

குமாஸ்தா கலியமூர்த்தி சிரித்துவிட்டான். "காய்ச்சல்ல கெடக்கறவ உலக நாட்டுக்கு நன்றி சொல்லுவாளா சார்?"

"ஜன்னி கண்டா என்ன வேணா சொல்லலாம்யா. நீ டாக்டரா?"

நன்றி முதலில் வருவதா, கண் முதலில் வருவதா என்று பதினோரு மணி வரை சண்டை நடந்தது. கை தூக்கச் சொல்லி எண்ணினார்கள். கண் ஜெயித்தது. சக்கரபாணி பேனாவைத் திறந்து தணிகாசலத்திடம் நீட்டினார்.

அப்போதுதான் வசந்தாவுக்குத் தோன்றியது. "ஆமா தம்பி, நெசமாவே அஞ்சலாட்சி என்னதான் சொல்லுச்சு?"

அதுவரை யாரும் அவனைக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டான். ஆஸ்பத்திரியில் நான்காம் நாள் சாயங்காலம். அவன் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். அவள் சுவரில் இருந்த பலகையை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். உதடுகள் ஒவ்வோர் எழுத்தாக அசைந்தன. அப்புறம் இவன் பக்கம் திரும்பி ஒன்று சொன்னாள். இவன் எழுந்து வீட்டுக்குப் போனான். காலையில் வந்தபோது கட்டில் காலி.

தணிகாசலம் படிவத்தை இழுத்துக்கொண்டான். ஓர் எழுத்தும் கூட்டாமல், குறைக்காமல் எழுதினான்:

"அங்க எழுதியிருக்கு பாரு மாமா, ஆறு மணிக்கு மேல யாரும் இருக்கக் கூடாதாம். நீ கெளம்பு."